முதலையோட கணக்கு வகுப்புக்குப் போன பொண்ணு



கணக்கு வகுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற தோழி குட்டி முதலை ஒண்ணைக் கூடவே கொண்டுவந்திருந்தா என்ன பண்ணுவீங்க? லண்டன்ல ஒரு பள்ளியில நிஜமாவே இது நடந்துச்சு. அந்தப் பொண்ணு பேரு ஜோன் ப்ராக்டர்.

1897-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயசுலேயே தீராத குடல் நோய். பத்து வயசுல அவருக்குத் துணை, போற இடமெல்லாம் கூட வந்த ஒரு பல்லி! பதினாறு வயசுல அந்த முதலைக் குட்டி. கேம்பிரிட்ஜில் படிக்கணும்னு ஆசை, உடம்பு விடலை. ஆனா ஊர்வன ஆராய்ச்சியாளர் பூலெஞ்சர் அவரை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உதவியாளரா சேர்த்துக்கிட்டார். பட்டம் இல்லாமலே ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1923-ல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் ஊர்வன பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. ஒரு பாம்புக் குட்டி ஏன் கடிக்க வருது தெரியுமா? கோபத்துல இல்லீங்க, பயத்துல. மேலிருந்து இறங்குற கை அதுக்குக் கொத்த வர்ற பருந்து மாதிரி. அதனால பக்கவாட்டுல மெதுவா போகணும். கழுத்தை இறுக்கிப் பிடிக்காம உடம்பு முழுசையும் தாங்கணும். இரை எடுத்த உடனே தொடக்கூடாது, கக்கிடும். தினமும் சில நிமிஷம் போதும். பிறகு அந்தக் கை ஆபத்து இல்லைன்னு அது பழகிக்கும். பாம்பு நம்மளை நேசிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா பயப்படாம இருக்கும்.

பயமில்லாம இருக்க இடமும் சரியா அமையணும்னு ஜோன் உணர்ந்திருந்தார். அதனால பொறியாளர் மாதிரி யோசிச்சார். கட்டடக் கலைஞர் ஒருவரோட சேர்ந்து அவர் வடிவமைச்ச ஊர்வன இல்லம் 1927-ல் திறந்தது. கூண்டுக்குள்ள ஒரு பக்கம் சூடு, இன்னொரு பக்கம் குளிர்ச்சி. புற ஊதாக் கதிரை உள்ளே விடுற தனிவகைக் கண்ணாடி. எங்கே படுக்கணும்னு விலங்கே முடிவு பண்ணலாம்!

அதே வருஷம் இந்தோனேசியாவிலிருந்து ரெண்டு கொமோடோ டிராகன்கள் வந்தன. பத்தடி வரை வளரக்கூடிய, மானையே கொல்லும் இனம். அதுல 'சும்பாவா' ஜோனோட கையிலிருந்தே கோழியையும் முட்டையையும் வாங்கித் தின்னப் பழகிடுச்சு. 1928-ல் விஞ்ஞானிகள் கூடின ஒரு கூட்டத்துக்கே அதைக் கூட்டிக்கிட்டுப் போனார். அது சபையோர் நடுவே உலாத்துச்சு, யாரையும் எதுவும் செய்யலை.

நோய் மட்டும் கடைசிவரை பழகவே இல்லை. நடக்க முடியாம மின் சக்கர நாற்காலியில வேலைக்கு வந்தார். 1931-ல், 34 வயசுல காலமானார்.

நண்பர்களே, அரியர் வந்துச்சு, ஆசைப்பட்ட காலேஜ் கிடைக்கலைன்னு உட்கார்ந்திருக்கீங்களா? பட்டமும் உடம்பும் கைவிட்ட ஒருத்தரோட கையைத்தான் அந்த டிராகன் நம்புச்சு!