வேர் என்றி லெவிஞ்ச்

சர் வேர் என்றி லெவிஞ்ச் (1819 - 1885) சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி ஆவார். மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, 1863 ஆம் ஆண்டில் கொடைக்கானல் ஏரியை உருவாக்கியமைக்காக அறியப்படுகிறார்.

பின்னணி

மதுரைச் சமவெளியின் வெப்பமும் வாந்திபேதியும் காய்ச்சலும் அங்கு வாழ்ந்த ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் வாட்டின. 1834 இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் முதலில் சிறுமலையில் ஓய்விடம் அமைத்தனர். அங்கும் காய்ச்சல் தொடர்ந்ததால், 1845 இல் பழனி மலையில் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். உடல்நலம் தேடி வந்தோரின் குடியிருப்பாகவே அவ்வூர் வளர்ந்தது.

ஏரி

சதுப்பு நிலமாயிருந்த பள்ளத்தாக்கில் ஓடைகளை மறித்து லெவிஞ்ச் கரை எழுப்பினார். இதற்குத் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். விண்மீன் வடிவில் அமைந்த இவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து முதல் படகு கொண்டுவரப்பட்டது. படகு வலித்தலும் ஏரியைச் சுற்றி நடத்தலும் ஓய்வுக்கு வந்தோரின் வழக்கங்களாயின. பணி ஓய்வுக்குப் பின் லெவிஞ்ச் கொடைக்கானலிலேயே குடியேறினார்.

மலைப் பயணம்

1875 இல் தொடருந்துப் பாதை திறக்கப்பட்டபின், மதுரையிலிருந்து சமயநல்லூர், சோழவந்தான் வழியாக அம்மையநாயக்கனூர் வரை தொடருந்தில் செல்ல முடிந்தது. அங்கிருந்து அடிவாரம் வரை மாட்டுவண்டியில் சென்றனர். மலைப்பாதையில் பயணிகளை நாற்காலிகளில் அமர்த்திக் கூலியாட்கள் தோளில் சுமந்தனர். மோட்டார் சாலை வரும்வரை, நலம் நாடி வந்தோரின் மலைவாழ்வு இத்தொழிலாளர்களின் உழைப்பையே சார்ந்திருந்தது.

நினைவுச்சின்னம்

லெவிஞ்சின் நினைவாகக் கொடைக்கானலில் கற்சிலுவை ஒன்று எழுப்பப்பட்டுள்ளது.