பணம் எனும் ஊரிலே ஒரு பாழடைந்த கடை

ஊரின் பெயரே பணம்! அமெரிக்காவின் தென்பகுதியிலே, மிசிசிப்பி மாநிலத்திலே, டாலஹாச்சி ஆற்றை அடுத்து மனி என்றோர் சிற்றூர். ஆங்கிலத்திலே மனி என்றால் பணமல்லவா? செல்வம் கொழித்ததால் வந்த பெயரல்ல, தோழர்களே! செனட்டர் ஒருவருடைய பெயரை ஊருக்கு வைத்தார்கள். அங்கே பருத்தி விளைந்தது. பறித்த கைகள் கறுப்புக் கைகள். பலன் கண்ட கைகள் வேறு.

அவ்வூரிலே ஓர் இரண்டடுக்குச் செங்கல் கட்டடம். 1955-ல் அது பிரயண்ட் மளிகை, இறைச்சிக் கடை. முதலாளி ராய் பிரயண்ட், வெள்ளையர். கடையின் பின்புறத்திலேயே குடும்பத்தோடு குடியிருந்தார். வாங்க வருவோரோ பெரும்பாலும் வாரத்துக்கு உழும் கறுப்பின ஏழைகள். கறுப்பன் கைபட்ட காசு கல்லாவிலே விழலாம், தீட்டில்லை! கறுப்பன் கண் முதலாளியம்மாள் மீது படலாகாது; பட்டால் தலை போகும்! அந்தக் கடையின் வாணிப தர்மம் அது.

அந்தப் படியேறி உயிரை விலையாகக் கொடுத்த சிறுவன் எம்மெட் டில்லைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தோம்.

1941 ஜூலை 25-ல் சிகாகோவிலே பிறந்தவன். தந்தையை நான்கு வயதுக்குள் இழந்தான். தாய் மேமி வேலைக்குப் போய்க் காப்பாற்றினார். இளமையிலே இளம்பிள்ளைவாதம் தாக்கிற்று; பிழைத்தான், ஆனால் பேச்சிலே திக்கு தங்கிவிட்டது. தாய் வேலைக்குப் போக, சமைத்தான், துணி துவைத்தான், வீடு கூட்டினான். வேடிக்கைப் பேச்சுக்காரன், நண்பர்களைச் சிரிக்க வைப்பவன். பதினான்கு வயதுப் பிள்ளை வேறெப்படி இருப்பான்?

1955 ஆகஸ்டிலே, மனிக்கு அருகே வாரத்துக்குப் பயிர் செய்துவந்த பாட்டன் முறையினரான மோஸ் ரைட் வீட்டுக்கு விடுமுறையில் போனான். தெற்கு வேறு, சிகாகோ வேறு, அடங்கி நடந்துகொள் என்று தாய் எச்சரித்தே அனுப்பினார். பெற்ற பிள்ளைக்கு ஒரு தாய் சொல்லித்தர வேண்டிய பாடமா இது!

ஆகஸ்ட் 24, மாலை. பருத்தி பறித்த களைப்போடு உறவுப் பிள்ளைகள் கடைக்குச் சென்றனர். எம்மெட் உள்ளே போய் மிட்டாய்க் கோந்து வாங்கினான். கல்லாவிலே இருந்தவர் பிரயண்டின் மனைவி. அந்த அம்மாள் வெளியே வந்தபோது பையன் சீட்டியடித்தான் என்று உடன் சென்ற பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சீட்டி! அவ்வளவுதான் குற்றம்.

ஆகஸ்ட் 28, நள்ளிரவு கடந்த நேரம். பிரயண்டும், தாய் ஒன்றாய்த் தந்தை வேறான அவருடைய சகோதரர் மிலமும் துப்பாக்கியோடு வந்து, தூங்கிய பிள்ளையை இழுத்துச் சென்றனர். மூன்று நாள் கழித்து ஆற்றிலே பிணம் கிடைத்தது. பருத்தி ஆலையின் கனத்த இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்திலே கட்டி மூழ்கடித்திருந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. விரலிலே கிடந்த தந்தையின் மோதிரம்தான் அடையாளம் காட்டிற்று.

அங்கேயே அவசரமாகப் புதைத்துவிடப் பார்த்தார்கள். தாய் விடவில்லை. சிகாகோவுக்கு வரவழைத்தார், பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். பல்லாயிரம் பேர் வரிசையிலே நின்று அந்த முகத்தைப் பார்த்தனர். ஜெட் என்ற கறுப்பினத்தார் இதழ் படத்தை வெளியிட்டது. அழுது முடங்கியிருக்கலாம் அந்த அம்மையார். தன் துயரத்தை நாட்டின் முன் சாட்சியாக நிறுத்தினார். வீரம் என்றால் அதுவல்லவா வீரம்!

செப்டம்பரிலே சம்னர் நகரிலே வழக்கு. ஜூரியில் பன்னிருவர், அத்தனை பேரும் வெள்ளையர். மோஸ் ரைட் கூண்டிலே எழுந்து நின்று, பிள்ளையைக் கொண்டுபோனவர்கள் இவர்களே என்று கை நீட்டிக் காட்டினார். மிசிசிப்பியிலே வெள்ளையரை நோக்கிக் கறுப்பர் கை நீட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். சாட்சி சொன்ன பின் அந்த மண்ணைத் துறந்து சிகாகோவுக்குப் போக நேர்ந்தது அவருக்கு. ஜூரிகள் கூடிப் பேசியது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தீர்ப்பு: குற்றவாளிகள் அல்லர்! 1956 ஜனவரியிலே அதே இருவர், பணம் பெற்றுக்கொண்டு, தாங்களே கொன்றதாக லுக் பத்திரிகைக்குக் கதை சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே கொலைக்காக மீண்டும் விசாரிக்கச் சட்டம் இடந்தரவில்லை.

ஆனால் கல்லாப்பெட்டி ஜூரியிடம் இல்லையே! கறுப்பின மக்கள் அந்தக் கடைப்படி ஏற மறுத்தார்கள். அவர்கள் காசிலே நின்ற கடை. காசு நின்றது, கடை விரைவிலேயே மூடிற்று. வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள், ஜூரி நாற்காலி மறுக்கப்பட்டவர்கள், தங்களிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்கள். அதே 1955 டிசம்பர் 1-ல் மாண்ட்கோமரி நகரிலே ரோசா பார்க்ஸ் பேருந்திலே எழ மறுத்தார். சில நாட்களுக்கு முன்புதான் அந்நகரிலே எம்மெட் கொலை பற்றிய கூட்டத்துக்குப் போய் வந்தவர் அவர். 381 நாட்கள் கறுப்பின மக்கள் பேருந்துக்குக் காசு தரவில்லை, நடந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு பேருந்திலே நிறப்பிரிவினை ஒழிந்தது.

ஒருவரை நிறவெறியால் அடித்துக் கொல்வதை மத்திய அரசின் சட்டப்படி குற்றமாக்கும் சட்டம், எம்மெட் பெயரிலே, 2022-ல்தான் வந்தது. அறுபத்தேழு ஆண்டுகள்! தாய் மேமி 2003-லேயே மறைந்துவிட்டார்.

பிரயண்டுக்குப் பின் கட்டடம் கைமாறிக் கடைசியிலே கேட்பாரற்றுப் போயிற்று. கூரை விழுந்தது, சுவரிலே கொடி படர்ந்தது. 2011-ல் அதன் முன்னே நினைவுப் பலகை நட்டார்கள். 2017-ல் யாரோ அதன் எழுத்துக்களைச் சுரண்டி எடுத்தார்கள். பிணம் கிடைத்த ஆற்றோரத்துப் பலகையையோ மீண்டும் மீண்டும் சுட்டுத் துளைத்தார்கள். ஆகவே 2019-ல் அங்கே குண்டு துளைக்காத பலகை வைக்க வேண்டியதாயிற்று.