கரடித் தடம் பார்த்த ஹப்பேக் துரை

துரைமார்களின் கதையை நாம் இந்தப் பகுதியில் அதிகமாக எழுதுவதில்லை. பெரட்டுக் களத்தில் அவர்கள் நடந்த நடையையும் போட்ட சத்தத்தையும் நம் பாட்டன் பூட்டன் சொல்லக் கேட்டதே போதும். ஆனாலும் தோட்டம் போட வந்த ஒரு துரை, பிறகு தோட்டக்காரர்களையே எதிர்த்து நின்று காட்டுக்காக வாதாடினார் என்றால், அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தானே வேண்டும்? அவர்தான் தியோடர் ரத்போன் ஹப்பேக்.

பட்டர்வொர்த்தில் ரயிலேறி தெற்கே போகிற நம்மவர்களுக்கு ஹப்பேக் என்ற பெயர் தெரியாவிட்டாலும் அந்தக் குடும்பத்தின் கைவேலை தெரியும். ஈப்போ ரயில் நிலையம், கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையம், ஆற்று முனையிலிருக்கும் ஜாமெக் பள்ளிவாசல் எல்லாம் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்தவை. நாம் சொல்லவந்த ஹப்பேக் அவருடைய தம்பி. அண்ணன் கட்டியது ஊர் நடுவே நிற்கிறது. தம்பி காப்பாற்றியது பகாங் காட்டுக்குள் கிடக்கிறது. அதனால்தானோ என்னவோ அண்ணன் பெயர் தெரிந்த அளவுக்குத் தம்பி பெயர் தெரியாமல் போயிற்று.

தம்பி 1872-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுக நகரத்தில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊரின் மேயராக இருந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை, கிரிக்கெட்டிலும் கெட்டிக்காரர். 1892-ல் லங்காஷயர் அணிக்கே ஆடியிருக்கிறார். சில வருடங்களில் மலாயாவுக்குக் கப்பலேறினார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் பினாங்குத் துறையில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் கையில் ஒரு துணிமூட்டை, இவர் கையில் ஒரு துப்பாக்கி. வந்த வகை வேறு, வந்து சேர்ந்த காடு ஒன்றுதான்.

நெகிரி செம்பிலானில் ஹப்பேக் தோட்டத்துரையானார். அந்தக் காலத்தில் மலாயாவில் காப்பிதான் பெரிய பயிர். பிறகு காப்பி விலை விழுந்தது, ரப்பர் வந்தது. எங்கு பார்த்தாலும் பெருமரங்கள் சாய்ந்தன, தீ வைத்தார்கள், சாம்பலில் கன்று நட்டார்கள். ஹப்பேக்கும் இதில் ஒரு கைதான். வேலையில்லாத நாளில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு யானையையும், மலாய்க்காரர்கள் செலாடாங் என்று சொல்கிற பெரிய காட்டுமாட்டையும் தேடிப் போய்விடுவார். 1905-ல் இந்த வேட்டையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

சும்மா சொல்லக்கூடாது, சுடுகிறவன் எல்லாம் வேட்டைக்காரன் ஆகிவிட முடியாது. காட்டில் மிருகம் நம் முன்னால் வந்து நிற்பதில்லை. அது விட்டுப் போன அடையாளம்தான் நிற்கும். அதைப் படிக்கத் தெரிந்தவன் மலாய்க்காரனாகவும் அஸ்லி மக்களாகவும் இருந்தான். துரைமார் அவர்கள் பின்னால்தான் நடந்தார்கள். பேர் துரைக்கு, பாடம் சொன்னது அவர்கள்.

கரடி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுக் கரடி உலகத்துக் கரடி ஜாதியிலேயே சின்னது. நன்றாக வளர்ந்ததே அறுபது, அறுபத்தைந்து கிலோதான் தேறும். கறுப்பு உடம்பு, நெஞ்சில் மஞ்சள் பிறை, ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட நீளும் நாக்கு. மரத்தில் ஏறுவதற்கென்றே செய்தது போன்ற நகங்கள். ஆளைப் பார்ப்பது அபூர்வம், அடையாளத்தைப் பார்ப்பது சுலபம். வழவழப்பான பட்டையுள்ள மரத்தில் இரண்டு பக்கமும் வரிவரியாகக் கீறல் ஏறிப் போயிருக்கும். பொந்துக்குள் கூடு கட்டும் சின்னத் தேனீ இருக்கிறதே, மலாயில் கெலுலுட் என்பார்கள், அந்தக் கூட்டுக்காக மரத்தையே கடித்துக் குடைந்து வைத்திருக்கும். கறையான் புற்று உடைந்து கிடக்கும், உளுத்த கட்டை நார்நாராகப் பிய்ந்து கிடக்கும்.

கீறல் புதிதா பழசா என்பதுதான் கெட்டிக்காரத்தனம். இதை நம் பால்வெட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கு வெட்டிய வெட்டு எது, நேற்றைய வெட்டு எது, போன மாசம் காயம் பட்ட பட்டை எது என்று விளக்கு வெளிச்சத்திலேயே சொல்லிவிடுகிறவர்கள் அல்லவா நாம்! அதே கணக்குத்தான். ஈரம் கசிந்தால் புதுசு; விளிம்பு கறுத்துத் தடித்திருந்தால் பழசு.

மண்ணில் பதிந்த காலடியிலும் வித்தியாசம் உண்டு. புலியின் தடத்தில் நாலு விரல்தான், நகம் பதியாது. கரடித் தடத்தில் ஐந்து விரல், விரலுக்கு முன்னால் நகக்குத்து தனியாகத் தெரியும். பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். பின்னங்காலை மட்டும் பார்த்தால் ஏதோ சின்னப் பிள்ளை வெறுங்காலோடு நடந்த மாதிரி இருக்கும். தோட்டத்து எல்லையில் இப்படி ஒரு தடத்தைப் பார்த்தால் பயந்து ஓட வேண்டாம். சத்தம் காட்டிக்கொண்டு, பேசிக்கொண்டு போங்கள். கரடிக்கு மூக்கு கூர்மை, கண் மந்தம். நாம் வருவது தெரிந்தால் தானே விலகிவிடும். தெரியாமல் கிட்டத்தில் போய் நிற்பதுதான் ஆபத்து. குட்டியோடு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஹப்பேக்குக்கு மலாயாக் காடு போதவில்லை. உலகத்தின் அந்தக் கோடியிலிருக்கிற அலாஸ்காவுக்கு இரண்டு பிரயாணம் போனார். அங்குள்ள பழுப்புக் கரடியின் பக்கத்தில் நம் கரடியை நிறுத்தினால் குட்டியென்றுதான் நினைப்பீர்கள். பெரிய ஆண் கரடி ஐந்நூறு கிலோவையும் தாண்டும். குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்கிவிட்டு வசந்தம் பிறந்ததும் வெளியே வரும். வேட்டைக்கு அங்கே பருவம் உண்டு. பருவம் திறக்கும் முன்பே ஆட்கள் போய் மலைச்சரிவைக் கண்ணாடி வைத்துத் துழாவுவார்கள். வெள்ளைப் பனியில் ஒரு கரிய கோடு இறங்கி வந்திருந்தால் கரடி எழுந்து நடந்துவிட்டது என்று அர்த்தம். ஆற்றோரத்தில் பாதி தின்ற மீன், மரத்தில் முதுகைத் தேய்த்த இடத்தில் ஒட்டிய மயிர், புல் மேய்ந்த திட்டு என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்கள். இந்த அலாஸ்காப் பிரயாணங்களைப் பற்றி 1929-ல் ஹப்பேக் இன்னொரு புத்தகம் வெளியிட்டார்.

நம் காட்டில் பனியும் இல்லை, பருவமும் இல்லை. கரடி வருஷம் முழுக்க விழித்திருக்கிறது. தடம் அடுத்த மழை வரைக்கும்தான், நம் ஊரில் அடுத்த மழை என்பது பெரும்பாலும் சாயங்காலம். அப்படியானால் இங்கே வேட்டைக்கு ஓய்வு என்பதே இல்லாமல் போகும் அல்லவா? எப்போது வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று ஆகிவிட்டால் மிருகம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்தக் கேள்வி ஹப்பேக்கைப் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷமாக அடையாளம் பார்த்துப் பழகிய கண். முன்பு செலாடாங் மேய்ந்த இடத்தில் இப்போது ரப்பர் நிறை. முன்பு காண்டாமிருகம் புரண்ட சேற்றுக் குழியில் தடமே இல்லை. கணக்கெடுக்க வேறு ஆள் தேவையா? வேட்டைக்காகக் கற்ற அதே வித்தைதான் காடு காலியாகிறது என்பதையும் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. பிற்காலத்தில் அவர் துப்பாக்கியைக் குறைத்துக் கேமராவைக் கையிலெடுத்தார். மிருகங்கள் உப்பு மண்ணைத் தேடி வரும் இடங்களில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார். பகாங்கில் சம்பளமில்லாத வனவிலங்குக் காவலராகப் பொறுப்பேற்றார்.

பகாங் மாநிலத்தில் 1925-ல் குனோங் தாஹான் மலையைச் சுற்றி ஏறக்குறைய 1,300 சதுர கிலோமீட்டர் காடு வேட்டை கூடாத இடமாக ஒதுக்கப்பட்டது. ஹப்பேக்குக்கு அது போதவில்லை. இன்று ஒரு அதிகாரி ஒதுக்குவார், நாளை இன்னொரு அதிகாரி ஈயத்துக்கோ ரப்பருக்கோ எழுதிக் கொடுத்துவிடுவார். யாரும் தொட முடியாதபடி சட்டம் வேண்டும் என்று நின்றார். 1930-ல் மலாயா முழுமைக்கும் வனவிலங்கு விசாரணைக் கமிஷன் ஏற்பட்டபோது அதை நடத்தும் வேலை அவரிடமே வந்தது. ஊர் ஊராகச் சாட்சியம் வாங்கினார். 1932-ல் வெளிவந்த அறிக்கை மூன்று பாகம்!

தோட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? யானை கன்றைப் பிடுங்குகிறது, பன்றி பயிரைத் தின்கிறது, இந்த மனுஷர் மிருகத்துக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று எதிர்த்தார்கள். தானும் ஒரு தோட்டக்காரராக இருந்தவர் என்பதால் அவர்களுடைய லாபக் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. காட்டின் நடுவே கன்றை நட்டுவிட்டு, யானை ஏன் வந்தது என்று கேட்டால் எப்படி என்பது அவர் பக்கத்து நியாயம்.

இந்த இடத்தில் நாம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் யானை வந்தால் முதலில் இழப்பது பங்களாவில் இருப்பவர் அல்ல. லயத்துக்குப் பின்னால் நாலு வாழையும் மரவள்ளியும் போட்டு வைத்திருப்பவன்தான் இழப்பான். விடியாத இருட்டில் மரத்தடியில் குனிந்து நிற்பவள்தான் மிருகத்தின் எதிரே போய் நிற்பாள். காட்டைக் காப்பாற்றுங்கள் என்று சொல்கிற யாரும் இவர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஹப்பேக் காலத்தில் அந்தக் கணக்கு பார்க்கப்படவில்லை. இப்போதும் சரியாகப் பார்க்கப்படுகிறதா என்றால், தோட்டத்தில் இருக்கிற நீங்களே பதில் சொல்லுங்க.

அதற்காக அவர் செய்ததைக் குறைத்துச் சொல்லலாகாது. பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலத்து சுல்தான்களும் சம்மதித்து, 1938-லும் 1939-லும் சட்டங்கள் நிறைவேறி, மூன்று மாநிலத்துக் காடும் சேர்ந்த 4,343 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ஏற்பட்டது. பினாங்குத் தீவைப் போல ஏறக்குறைய பதினைந்து மடங்கு! அன்றைக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரை வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதுவே தாமான் நெகாரா ஆயிற்று.

பூங்கா வந்து மூன்று நாலு வருஷத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடினார்கள். ஹப்பேக்குக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த 1942-ஆம் ஆண்டிலேயே, வந்த மண்ணிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

அவர் தேடித் தேடித் தடம் பார்த்த காண்டாமிருகம் இன்று இந்த நாட்டில் இல்லை. சுமத்ரா காண்டாமிருக இனத்தில் மலேசியாவின் கடைசி ஒன்று சபாவில் 2019 நவம்பரில் இறந்தது. தீபகற்பக் காடுகளில் புலி நூற்றைம்பதுக்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கு சொல்கிறது. கரடி இன்னும் இருக்கிறது. பினாங்கிலிருந்து கிழக்கே பார்த்தால் கெடாவின் உலு மூடா, பேராக்கின் பெலும் காடுகளில் நடமாடுகிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்புப் பெற்ற பிராணி. பிடிக்கவோ கொல்லவோ வளர்க்கவோ கூடாது.

அதே சட்டம் கம்பிச் சுருக்கையும் தடுக்கிறது. பன்றிக்குத்தான் வைத்தேன் என்று தோட்டத்து ஓரத்தில் சுருக்கு மாட்டுகிற வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. சுருக்குக்குப் பன்றி எது, கரடி எது என்று தெரியாது. சிக்கிக்கொண்ட கரடி இழுத்து இழுத்துத் தன் பாதத்தையே இழந்துவிட்டுப் போன சம்பவங்கள் உண்டு. பித்தப்பைக்காகக் கரடியைத் தேடுகிற வியாபாரி தோட்டத்துப் பையன்களிடம் காசைக் காட்டி வழி கேட்பதும் நடக்கக்கூடியதுதான். மாட்டிக்கொண்டால் அபராதமும் ஜெயிலும் வியாபாரிக்கு வராது, சுருக்கு வைத்த கைக்குத்தான் வரும்.

தாமான் நெகாராவில் இப்போது தடம் பார்க்க மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டு வருகிறார்கள். மிருகம் குறுக்கே நடந்தால் தானாகவே படம் பிடித்துவிடுகிறது. ஆனாலும் எந்த மரத்தில் கட்டுவது என்று தீர்மானிக்க, கீறலையும் உடைந்த புற்றையும் பார்த்து முன்னால் நடக்க, இன்றைக்கும் காட்டுக்குப் பழகிய ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.