சூரியனைச் சாட்சியாக்கித் திபெத்தை அளந்த நைன் சிங்

புது தில்லி: குமாவோன் மலைப்பகுதியில் மிலம் என்னும் கிராமத்தில் 1830-ம் ஆண்டு பிறந்தவர் நைன் சிங் ராவத். பள்ளி ஆசிரியராக இருந்த அவரை, 1863-ல் டேராடூனில் ஆங்கிலேய அரசின் நில அளவைத் துறை ரகசியப் பணிக்குப் பயிற்றுவித்தது. திபெத்தில் வெள்ளையர் நுழையத் தடை இருந்ததே காரணம்.

யாத்திரிகர் வேடத்தில் சென்ற அவர், மைலுக்கு 2,000 காலடி என ஒரே சீராக நடந்தார். நூறு காலடிக்கு ஒரு மணி உருட்டினார். அவரது ஜபமாலையில் 108 அல்ல, 100 மணிகளே. பாதை செல்லும் திக்கைத் திசைகாட்டி கூறியது. எனினும் காலடிக் கணக்கின் சிறு பிழை தொலைவு கூடக்கூடப் பெருகும். அதைத் திருத்த வானமே துணை. நண்பகல் சூரியனின் உயரக் கோணத்தை செக்ஸ்டண்ட் கருவியால் அளந்தால் அட்சரேகை கிட்டும். மலை சூழ்ந்த நாட்டில் அடிவானம் ஏது? சோழிகளில் ஒளித்துக் கொண்டுசென்ற பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, அதில் விழும் பிம்பத்தைக் கொண்டு அளந்தார். இரவில் நட்சத்திரங்கள் உதவின. பிடிபட்டிருந்தால் உயிர் தப்புவது அரிது.

1866 ஜனவரியில் லாசாவை அடைந்து, அந்நகரின் இருப்பிடத்தைக் கணித்தார். 1874-75-ல் லேயிலிருந்து லாசா, தவாங் வழியாக அசாம் வந்து சேர்ந்தார். முதல் பயண அறிக்கை லண்டனில் வெளியானபோது அவர் வெறும் 'பண்டிட்', பெயர் மறைக்கப்பட்டது. பாதுகாப்புக்காக என்றாலும், புகழ் முதலில் சேர்ந்தது அதிகாரிகளுக்கே. 1877-ல் ராயல் ஜியாக்ரபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் அளித்தது. சுதந்திர இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 2004-ல்தான்.