நீதிமன்றம் காணாத விமானி: லாட்வியாவின் ஹெர்பர்ட்ஸ் சுகுர்ஸ்

இரண்டாம் உலகப் போருக்கு முன் லாட்வியா மக்கள் கொண்டாடிய விமானி ஹெர்பர்ட்ஸ் சுகுர்ஸ். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது யூதர்களைக் கொன்று குவித்த துணைப்படையில் அதிகாரியாகப் பணியாற்றியவரும் அவரே. அவர் மீதான குற்றச்சாட்டுகளை எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை.

லீபாயா நகரில் 1900-ஆம் ஆண்டு பிறந்த சுகுர்ஸ், தாமே வடிவமைத்த சிறு விமானத்தில் 1933-34-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா வரை பறந்து திரும்பினார். பின்னர் டோக்கியோவுக்கும் பறந்தார். அப்பயணங்கள் அவரைத் தேசிய நாயகனாக உயர்த்தின.

1940-இல் சோவியத் ஒன்றியம் லாட்வியாவை இணைத்துக்கொண்டது. 1941 ஜூலை 1-இல் ஜெர்மானியப் படைகள் தலைநகர் ரிகாவைக் கைப்பற்றின. சில நாள்களிலேயே விக்டர்ஸ் ஆராய்ஸ் என்பவரின் தலைமையில், ஜெர்மானியர்களின் கட்டளைக்குட்பட்ட லாட்வியர் துணைப்படை உருவானது. அதில் சேர்ந்த சுகுர்ஸ், கேப்டன் என்ற நிலையில் வாகனங்கள், ஆயுதங்கள் ஆகியவற்றின் பொறுப்பை ஏற்றார். அப்படை ஏறத்தாழ 26 ஆயிரம் யூதர்களைக் கொன்றதாக மதிப்பிடப்படுகிறது.

1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரு நாள்களில், ரிகாவில் யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த குடியிருப்பு காலி செய்யப்பட்டது. சுமார் 25 ஆயிரம் பேர் ரும்புலா காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். குழிகளின் அருகே சுட்டவர்கள் ஜெர்மானியர்கள். மக்களை வெளியேற்றிக் காவலுடன் அழைத்துச் சென்றதில் ஆராய்ஸ் படையினருக்கும் பங்கிருந்தது. குடியிருப்பைக் காலி செய்தபோது சுகுர்ஸ் அங்கிருந்தார் என்றும், தம் கையாலேயே சிலரைச் சுட்டார் என்றும் உயிர்தப்பியோர் சாட்சியம் அளித்தனர். அவர் வாகனப் பொறுப்பாளர் மட்டுமே என்பது ஆதரவாளர்களின் வாதம்.

போர் முடிந்தபின் பிரேசிலில் குடியேறிய அவர், சொந்தப் பெயரிலேயே படகுகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்தார். அங்கிருந்த யூத அமைப்புகள் அவரை அடையாளம் கண்டு எதிர்ப்புத் தெரிவித்தன. ஆயினும், அவர் விசாரணைக்கு உட்படுத்தப்படவில்லை.

நாஜிக் காலக் கொலைகளுக்கான வழக்குக் காலவரம்பு முடிவடைவது குறித்து மேற்கு ஜெர்மனியில் விவாதம் நடந்த 1965-ஆம் ஆண்டில், இஸ்ரேல் உளவு அமைப்பான மொசாட் செயலில் இறங்கியது. ஆஸ்திரியத் தொழிலதிபராக நடித்துச் சுகுர்ஸின் நம்பிக்கையைப் பெற்ற உளவாளி, அவரை உருகுவேக்கு வரவழைத்தார். பிப்ரவரி 23-இல் மான்டிவிடியோ அருகே ஒரு வீட்டில் அவர் கொல்லப்பட்டார். பெட்டியில் அடைக்கப்பட்ட உடல் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த மாதமே ஜெர்மானிய நாடாளுமன்றம் காலவரம்பை நீட்டித்தது.

படைத் தலைவர் ஆராய்ஸுக்கு ஹாம்பர்க் நீதிமன்றம் 1979-இல் ஆயுள் தண்டனை விதித்தது. அவர் 1988-இல் சிறையிலேயே இறந்தார். அத்தகைய விசாரணை சுகுர்ஸுக்கு நடைபெறாததால், சாட்சியங்கள் குறுக்கு விசாரணையில் சோதிக்கப்படவில்லை, மறுப்புகளும் அவ்வாறே. அவரைப் பற்றிய இசை நாடகம் 2014-இல் லீபாயாவில் அரங்கேறியபோது, லாட்வியா வெளியுறவு அமைச்சரும் இஸ்ரேலும் கண்டித்தனர். உயிர்தப்பியோர் கோரிய நீதியும், ஆதரவாளர்கள் கோரும் விடுவிப்பும் தீர்ப்பின்றியே நிற்கின்றன.