ஒரு தாய்த்தட்டு, ஓராயிரம் குழந்தைகள்
கிராமபோன் தந்த எமில் பெர்லினரின் கதை

ஊதுகுழல் வைத்த பெட்டி ஒன்று. அதன் எதிரே ஒரு நாய் தலையைச் சாய்த்து உட்கார்ந்து, பாட்டுக் கேட்கிறது.

தாத்தா பாட்டி காலத்து இசைத்தட்டுகளில் இந்தப் படத்தைப் பார்க்கலாம். அந்த இசைத்தட்டையும், அதைப் பாடவைக்கும் பெட்டியையும் உலகுக்குக் கொடுத்தவர் எமில் பெர்லினர். பெட்டிக்குக் கிராமபோன் என்று பெயர் சூட்டியவரும் அவரே.

ஒருவர் ஒரே ஒரு முறை பாடவேண்டும். அந்தப் பாட்டு ஓராயிரம் வீடுகளில் ஒலிக்கவேண்டும். இதுதான் அவர் கண்ட கனவு. கனவு பலித்தது. ஆனால், பலித்த நேரத்தில், தம் இசைத்தட்டை விற்கும் உரிமையையே அவர் இழந்தார்!

சீசா கழுவினார்

ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகரில், 1851-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பெர்லினர் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை வியாபாரி. வீடு நிறையக் குழந்தைகள். 14-வது வயதில் பெர்லினரின் பள்ளிப் படிப்பு முடிந்தது. அச்சுக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்தார். பிறகு துணிக்கடையில் சேர்ந்தார்.

1870-ல் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். வாஷிங்டன் நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் நியூயார்க் சென்றார். அங்கே ஒரு ரசாயனக் கூடத்தில் சீசா கழுவும் வேலை. பகலில் சீசா கழுவினார். இரவில் பாடம் படித்தார். பட்டம் எதுவும் வாங்கவில்லை.

1877-ல் அவருக்கு யோகம் அடித்தது. அப்போது டெலிபோன் புதிதாக வந்திருந்தது. ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை. பேச்சைத் தெளிவாக எடுத்துச் செல்லும் ஒரு கருவியைப் பெர்லினர் செய்தார். பெல் டெலிபோன் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அவருக்கு உத்தியோகமும் கொடுத்தது. கையில் பணம் சேர்ந்தது. சொந்தமாக ஆராய்ச்சி செய்ய வழி பிறந்தது.

உருளையின் தொல்லை

அதே 1877-ல்தான் எடிசன் பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஈயத்தாள் சுற்றிய ஓர் உருளை சுழலும். அதன்மேல் ஊசி மேலும் கீழுமாகக் குதித்துப் பள்ளம் போடும். ஆழமான பள்ளம், ஆழம் குறைந்த பள்ளம் என்று ஒலி பதியும். பின்னர் மெழுகு உருளைகள் வந்தன.

உருளையில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. அதைப் பார்த்து இன்னொன்றை நகல் எடுப்பது கடினம். எனவே, பாடகரைச் சுற்றிச் சில இயந்திரங்களை வைப்பார்கள். ஒரு முறை பாடினால் சில உருளைகள் கிடைக்கும். மேலும் வேண்டுமானால், அவர் அதே பாட்டை மறுபடியும் பாடவேண்டும். தொண்டை வற்றும்வரை பாடினாலும், ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாது.

பெர்லினர் வேறு வழியில் யோசித்தார். உருளையை விட்டார், தட்டையான தட்டை எடுத்தார். ஊசி மேலும் கீழும் குதிக்கவேண்டாம். பாம்பு நெளிவதுபோல் பக்கவாட்டில் அசைந்தால் போதும் என்று கண்டார். பள்ளம் எங்கும் ஒரே ஆழமாக இருந்தது. 1887-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கொழுக்கட்டை அச்சு

அவர் செய்த முறை இதுதான்.

துத்தநாகத் தட்டு ஒன்றைப் பளபளப்பாகத் தேய்ப்பார். அதன்மேல் தேன்மெழுகை மிக மெல்லியதாகப் பூசுவார். தட்டு சுழலும். பாடகர் ஊதுகுழலுக்குள் பாடுவார். குரலின் அதிர்ச்சியில் ஊசி அசைந்து, மெழுகைச் சுரண்டிக் கோடு போடும். பிறகு தட்டை அமிலத்தில் போடுவார். மெழுகு போன இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பாட்டு உலோகத்தில் நிலைத்துவிடும்.

இதுதான் தாய்த்தட்டு.

அதன்மேல் மின்சாரத்தால் வேறு உலோகத்தைப் படிய வைத்துப் பிரித்தெடுத்தால், ஓர் அச்சு கிடைக்கும். தாய்த்தட்டில் பள்ளமாக இருப்பது அச்சில் மேடாக இருக்கும். கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்துவதுபோல், அந்த அச்சில் ரப்பரை அழுத்தினால் தட்டு தயார்! ஓர் அச்சிலிருந்து எத்தனையோ தட்டுகள் எடுக்கலாம்.

1888-ம் ஆண்டு மே மாதம், பிலடெல்பியா நகரில் அறிஞர்கள் கூடிய சபையில் பெர்லினர் இதைச் செய்து காட்டினார். இனிமேல் பாடகர்களுக்குத் தட்டு விற்பனையில் பங்குப் பணம் வரும் என்று அன்றே எடுத்துச் சொன்னார்.

கரகரத்த குரல்

நகல் எடுக்கும் வழி கிடைத்தது. ஆனால் ஒலி?

முதலில் வந்த கிராமபோனைக் கையால் சுற்றவேண்டும். வேகமாகச் சுற்றினால் குரல் கீச்சிடும். மெதுவாகச் சுற்றினால் இழுக்கும். ரப்பர் தட்டுகளில் அங்கங்கே அச்சு சரியாகப் பதியவில்லை.

பெர்லினர் சோர்ந்துவிடவில்லை. பொத்தான் செய்யும் ஒரு தொழிற்சாலை அரக்குக் கலவையைப் பயன்படுத்துவதை அறிந்தார். அந்தக் கலவையிலேயே தட்டுகளை அடிக்கச் செய்தார். பள்ளங்கள் சுத்தமாகப் பதிந்தன. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சேர்க்கும் அந்த அரக்கு, பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போன சரக்கு!

கையால் சுற்றும் கஷ்டத்தைத் தீர்த்தவர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் என்ற மெக்கானிக். 1896-ல் கிராமபோனுக்கு வில்சுருள் மோட்டார் செய்து கொடுத்தார். சாவி கொடுத்தால் தட்டு ஒரே சீராகச் சுழன்றது.

ஆனாலும் கரகரப்பு போகவில்லை. குற்றம் தாய்த்தட்டிலேயே இருந்தது. அமிலம் பள்ளத்தின் ஓரங்களைச் சொரசொரப்பாக அரித்துவிட்டது. தாய்க்கு வந்த நோய் குழந்தைகள் அத்தனைக்கும் வந்தது.

இதற்கும் ஜான்சனே மருந்து கண்டார். துத்தநாகத்தையும் அமிலத்தையும் விட்டு, கெட்டியான மெழுகுத் தட்டிலேயே பள்ளத்தை நேராக வெட்டினார். அந்த மெழுகின்மேல் உலோகம் படியவைத்து அச்சு எடுத்தார். பள்ளம் வழவழப்பாக அமைந்தது. இரைச்சல் குறைந்தது, குரல் தெளிந்தது.

சொந்த நாட்டில் தடை

அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது.

அமெரிக்காவில் கிராமபோன் விற்கும் உரிமையைப் பிராங்க் சீமன் என்பவருக்குப் பெர்லினர் கொடுத்திருந்தார். இருவருக்கும் தகராறு மூண்டது. சீமன் போட்டிக் கம்பெனியுடன் சேர்ந்துகொண்டார். வழக்கு நடந்தது. 1900-ம் ஆண்டு ஜூன் மாதம், பெர்லினரின் கம்பெனி அமெரிக்காவில் கிராமபோன் விற்கக்கூடாது என்று கோர்ட்டு தடை போட்டது.

பெர்லினர் பிடிவாதம் பிடித்திருந்தால், காப்புரிமை அலமாரியிலேயே தூங்கியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. உரிமைகளை ஜான்சனிடம் சேர்த்தார். 1901-ல் ஜான்சன் விக்டர் கம்பெனியைத் தொடங்கினார். அதில் பெர்லினருக்கும் பங்கு இருந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் தம் பெயரிலேயே பெர்லினர் தொழில் நடத்தினார். தம்முடைய துத்தநாக முறை பழசாகிப்போனதற்காக வருந்தி நிற்கவில்லை. நல்ல முறை எவர் கண்டதாயினும் அதற்கு இடம் கொடுத்தார்.

கல்கத்தாவில் ஒரு பாட்டு

பெர்லினரிடம் தொழில் பழகியவர் பிரெட் கெய்ஸ்பர்க். 1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்தார். பிரபல பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தொலைதூரத்தில் தட்டு அடிப்பவர்கள், எவர் பாட்டு என்று தெரிந்துகொள்வதற்காகவே இந்த ஏற்பாடு.

அந்தப் பதிவுகள் கப்பல் ஏறிப் போன இடம் எது தெரியுமா? பெர்லினர் பிறந்த ஹானோவர் நகரம்! அவருடைய குடும்பம் 1898-ல் அங்கே தொழிற்சாலை வைத்திருந்தது. இந்தியாவின் பாட்டு, தட்டுகளாகி இந்தியாவுக்கே திரும்பி வந்தது. 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது.

பாலைக் காய்ச்சுங்கள்!

பெர்லினரின் கைக்குழந்தை ஒரு சமயம் கடுமையாக நோயுற்றது. காய்ச்சாத பாலால் பல குழந்தைகள் நோயில் விழுவதை அவர் அறிந்தார். பாலைச் சூடாக்கிக் கொடுக்கும்படி பல ஆண்டுகள் பிரசாரம் செய்தார். சிறுவர்களுக்குச் சுகாதாரம் கற்பிக்கப் பாட்டுப் புத்தகமும் எழுதினார்.

1929-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி வாஷிங்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

அரக்குத் தட்டு மறைந்துவிட்டது. இன்று கைபேசியிலேயே பாட்டு வருகிறது. ஆனால், பாட்டு வெளியாகுமுன் அதன் ஒலியைச் சரிபார்த்து முடிக்கும் கடைசி வேலைக்கு இன்றும் மாஸ்டரிங் என்றே பெயர். மாஸ்டர் என்றால் மூலப்பதிவு. அன்றைய தாய்த்தட்டின் வாரிசு. அதில் ஒரு பிசகு இருந்தால், கேட்கும் லட்சம் பேருக்கும் அந்தப் பிசகு போய்ச் சேரும்.

தாய் நன்றாக இருந்தால்தான் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள். இசைத்தட்டானாலும் சரி, பால் குடிக்கும் குழந்தையானாலும் சரி, பெர்லினர் பாடுபட்டது மூலத்தைச் சுத்தமாக வைப்பதற்காகவே!