விரல் நுனிக்கு எழுத்து தந்தவர்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு கண்டுபிடிப்பாளரைப் பற்றி எழுதுங்க என்று மலர்க்குழு சொன்னதும், ஆளுக்கொருவராக எடிசன், மார்கோனி, சர் சி.வி. ராமன் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் லூயி பிரெய்ல். தன் வாழ்நாளின் பெரிய வேலையை அவர் முடித்தபோது அவருக்கு வயது 15. நம்ம வகுப்பில் இருக்கிற எல்லாரையும் விடச் சின்னப் பையன்!

அம்பத்தூர், ஆவடி பக்கத்து ஆட்களான நமக்கு இவர் தூரத்து மனிதர் இல்லை. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பிரெய்ல் புத்தகம் அச்சடிக்கிற அச்சகமும் அதே ஊரில் இருக்கிறது. பூந்தமல்லி பஸ்ஸில் வெள்ளைக் கோலோடு ஏறும் மாணவர்களை நாம பார்த்திருக்கிறோம். அவர்கள் படிக்கும் தடித்த புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் இந்த மனிதர் போட்ட கணக்குதான்.

தோல் பட்டறையில் ஒரு விபத்து

பிரான்ஸ் நாட்டில், பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, கூப்வ்ரே என்று ஒரு கிராமம். அங்கே 1809 ஜனவரி 4-ஆம் தேதி லூயி பிறந்தார். அப்பா குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைக்கும் தோல் தொழிலாளி. வீட்டோடு பட்டறை. மூன்று வயதில் பட்டறைக்குள் போன குழந்தை, அப்பாவைப் போலவே தோலை வெட்டப் பார்த்தது. கூரான கருவி வழுக்கிக் கண்ணில் ஏறியது. புண் சீழ் பிடித்து அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன.

அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி வீட்டுப் பார்வையற்ற பிள்ளைக்கு அநேகமாகப் பிச்சைதான் கதி. ஆனால் அப்பாவும் அம்மாவும் பையனை மூலையில் உட்கார வைக்கவில்லை. ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். உள்ளூர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். பையன் காதால் கேட்டே பாடத்தைப் பிடித்துக்கொண்டான். கேட்கலாம், மனப்பாடம் பண்ணலாம். ஆனால் தானே படிக்க முடியாது, தானே எழுத முடியாது.

எழுத்து கைக்கு எட்டாமல் இருப்பது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அம்பத்தூர் ஓ.டி.யில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இது எங்கே போகுது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். சிலர் பொறுமையாகச் சொல்வார்கள். சிலர் அதான் போர்டு இருக்கே என்று சலித்துக்கொள்வார்கள். போர்டு இருக்கத்தான் செய்கிறது. அது யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

பன்னிரண்டு ஆறான கதை

1819-இல், பத்து வயதில், லூயியைப் பாரிஸில் இருந்த பார்வையற்ற இளைஞர் பள்ளியில் சேர்த்தார்கள். வாலன்டின் ஹாவி என்ற பெரியவர் தொடங்கிய பள்ளி அது. பார்வையற்றவர்களுக்கென்று உலகத்தில் ஏற்பட்ட முதல் பள்ளிகளில் ஒன்று. அங்கே புத்தகம் இருந்தது. சாதாரண எழுத்துகளையே தாளில் பெரிசாகப் புடைக்க வைத்து அச்சடித்திருந்தார்கள். ஒரு புத்தகத்தைத் தூக்கவே கை வலிக்கும். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். வரி முடிவதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துவிடும். அந்த முறையில் மாணவர்கள் தாங்களாகவே எழுதவும் வழியில்லை. செய்தவருக்கு நல்ல மனசுதான். ஆனால் அந்த எழுத்து கண்ணுக்காகப் பிறந்தது, விரலுக்காகப் பிறக்கவில்லை.

1821-இல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி தன் புள்ளி எழுத்து முறையை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஒரு அடையாளத்துக்கு 12 புள்ளி வரை, ஆறு ஆறாக இரண்டு வரிசை. அது ஒலியை மட்டும் குறிக்கும். எழுத்துக்கூட்டல் கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது. 12 வயது லூயிக்குப் பொறி தட்டியது. புள்ளிதான் சரியான வழி, ஆனால் பன்னிரண்டு அதிகம். விரல் நுனியை வைத்தால் பன்னிரண்டும் ஒரே தொடுகையில் அடங்காது. மேலும் கீழும் நகர்த்த வேண்டும்.

பகலில் வகுப்பு. ராத்திரியும் விடுமுறையும் புள்ளிக்கு. மூன்று வருஷ உழைப்பு. 1824-இல் 12-ஐ 6 ஆக்கினார். மூன்று மூன்றாக இரண்டு வரிசை.

நம்ம துறைக்காரர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆறு இடம், ஒவ்வொரு இடத்திலும் புள்ளி இருக்கும் அல்லது இருக்காது. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஒன்றுமே இல்லாத காலியிடத்தைக் கழித்தால் 63 அடையாளம். எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறிப்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. டிஜிட்டல் வகுப்பில் நாம படிக்கிற ஒன்று - பூஜ்யம் கணக்கை, கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஒரு பையன் விரலால் போட்டுவிட்டான்! புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இன்று இருக்கும் இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அந்த அளவைத் தீர்மானித்தது விரல் நுனி. எழுதும் கருவியும் ஒரு கூரான குத்தூசிதான். தோல் பட்டறையில் கண்ணைப் பறித்தது எதுவோ, அதன் உறவுக்காரனை வைத்தே எழுத்தைப் பிடித்துவிட்டார்.

1829-இல் தன் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். 1833-இல் அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். 1839-இல் இன்னொன்றும் செய்தார். பார்வையற்றவர் எழுதுவதைப் பார்வையுள்ளவரும் படிக்க வேண்டாமா? சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் அமைக்கும் முறை ஒன்றை உண்டாக்கினார். அவருடைய நண்பர் ஃபூகோ, அவரும் பார்வையற்றவர், அதற்கு ஒரு எந்திரமே செய்து கொடுத்தார். வீட்டுக்குக் கடிதம் எழுத இனி அடுத்தவர் கை வேண்டாம் என்று ஆனது.

பார்வையுள்ளவர்கள் போட்ட தடை

இவ்வளவு நல்ல முறையை உடனே ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு. 1840-இல் பள்ளித் தலைமைக்கு வந்த துஃபோ, புள்ளி எழுத்தைத் தடை செய்தார். பார்வையுள்ளவர் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றவர்களைத் தனியே பிரித்துவிடும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். மாணவர்கள் கேட்கவில்லை. மறைத்து மறைத்து எழுதினார்கள், ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் உதவித் தலைவர் குவாதே அந்த எழுத்தின் அருமையைப் புரிந்துகொண்டு மேலதிகாரியின் மனதை மாற்றினார். 1844-இல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் எல்லார் முன்னாலும் புள்ளி எழுத்தை எழுதியும் படித்தும் காட்டினார்கள்.

லூயி பிரெய்லைக் காசநோய் பல வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது. 43 வயது நிறைந்து இரண்டே நாளில், 1852 ஜனவரி 6-ஆம் தேதி காலமானார். பிரான்ஸ் அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது 1854-இல். தன் வெற்றியை அவர் பார்க்கவே இல்லை. நூறு வருஷம் கழித்து, 1952-இல், அவர் உடலைப் பாரிஸில் தேசப் பெரியோர் உறங்கும் பாந்தியோனுக்கு எடுத்துச் சென்றார்கள். கைகளை மட்டும் சொந்தக் கிராமத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கிராமத்துக்குத் தெரிந்திருக்கிறது, எது பெரிய சொத்து என்று!

தமிழுக்கு வந்த புள்ளி

நம் நாட்டில் முதலில் ஆளுக்கொரு முறை, மொழிக்கொரு முறை என்று இருந்தது. 1951-இல் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக பாரதி பிரெய்ல் வந்தது. தமிழ் அ-வுக்கும் ஆங்கில ஏ-க்கும் ஒரே புள்ளி. க-வுக்கும் கே-க்கும் ஒரே அடையாளம். இன்னொரு வசதி. அச்சில் கெ என்று எழுத, கொம்பை முன்னால் போட்டுவிட்டுத்தான் க-வை எழுதுகிறோம். பிரெய்லில் வாய் சொல்லும் வரிசைப்படி முதலில் க, பிறகு எ. எங்க அம்மாவுக்கு எழுத்துப் பழக்க நான் உட்கார்ந்தபோது அவர் தடுமாறியதே இந்தக் கொம்பில்தான்!

கம்ப்யூட்டரிலும் இந்தப் புள்ளி வேலை செய்கிறது. மின்சாரம் கொடுத்தால் நீளும் படிகங்களை வைத்துச் சின்னச் சின்ன ஊசிகளைத் தூக்கி இறக்கி, திரையில் இருப்பதை விரலுக்குக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. விலைதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. திரையைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். அதை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், கூடச் சேர்ந்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள். தேவைப்பட்டவரே செய்தால் பொருள் எப்படி அமையும் என்பதற்கு இது இரண்டாவது சாட்சி.

நாம என்ன செய்யப் போகிறோம்?

தோழர்களே! சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுச் சேவைகள் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. ஆனால் எங்க ஏரியாவில் ஒரு அலுவலகத்தில் நானே பார்த்தேன். டோக்கன் எடுக்கிற மெஷின் முழுக்கக் கண்ணாடித் திரை. ஒரு பட்டன் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. வெள்ளைக் கோலோடு வந்தவர் கேட்டதற்கு, அதான் மெஷின் இருக்கே சார் என்று பதில். அம்மா பஸ் ஸ்டாண்டில் கேட்கிற அதே வார்த்தை!

அந்த மெஷினைச் செய்தவர் கெட்டவர் இல்லை. நம்மைப் போல டிப்ளமோ படித்த ஒருவராகவே இருக்கலாம். செய்வதற்கு முன்னால் யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன ஸ்பீக்கர், தடவினால் தெரிகிற நாலு பட்டன் போதும். செல்போன் செயலியில்கூட ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ஒரு பெயர் எழுதி வைத்தால், போன் அதைப் படித்துச் சொல்லும். எழுதாமல் விட்டால் வெறுமனே பட்டன், பட்டன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பணம் அனுப்பும் பட்டன் எது, ரத்து செய்யும் பட்டன் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த மாதம் புராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டும். எங்க குழுவில் நாலு பேர். முதலில் பூந்தமல்லிக்குப் போய் அங்கே படிப்பவர்களிடம் கேட்டுவிட்டு, பிறகு தலைப்பு எழுதுவது என்று முடிவு பண்ணியிருக்கிறோம். ரொம்பப் பெரிசாக ஒன்றும் வராது. ஆனால் அளவை அவர்கள் விரல் சொல்லட்டும், நம்ம கண் சொல்ல வேண்டாம்.

பதினஞ்சு வயசுப் பையன் ஆறு புள்ளியில் காட்டிய வழி அது. பதினெட்டு வயசில் நாம அதில் ஒரு அடியாவது நடக்க வேண்டாமா? வாருங்கள் தோழர்களே!